மறுபடியும் எடுக்கலாமா?

எங்கள் ஆலையில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த லோர்னா புரூயிட் போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினோம். என்னைப் பேசச் சொன்னபோது பேச வரவில்லை. அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் எல்க்கார்ட் என்ற ஊரில் நாங்கள் செய்வது வண்டியில் கட்டி இழுத்துப்போகும் வீடுகள். அவற்றுக்குப் பதினாறு வருடம் திரைச்சீலை தைத்தவர்தான் லோர்னா. மாலைக் கல்லூரியில் படித்து அலுவலகத்துக்குப் போனார். போன பிறகும் மதியச் சாப்பாடு எங்களோடுதான். யாராவது காய்கறியை ஒதுக்கினால் அன்றைக்கு அவனுக்குத் திட்டு நிச்சயம்.

எங்கள் ஊரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆலை, அந்தப் பக்கம் ஓர் ஆலை. எதிரில் மணிக்கு ஒரு டாலர் அதிகமாகக் கிடைக்குமென்றால் மதியம் சாப்பிடப் போனவன் திரும்ப மாட்டான். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. தகவலில்லாமல் மூன்று நாள் வராவிட்டால் ஓடிவிட்டான் என்று அர்த்தம். லோர்னா அவன் கோப்பைத் திறந்து, ‘மறுபடியும் எடுக்கலாமா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘கூடாது’ என்று குறித்துவிடுவார்.

எனக்கும் அப்படிக் குறித்தார். நான் எங்கும் ஓடவில்லை. இரண்டாம் ஷிப்டில் வயரிங் வேலை பார்த்தேன். என் மகள் ஜோலின் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூன்று நாளும் லீவு சொல்லும் எண்ணுக்குப் போன் செய்து, காரணத்தைப் பதிந்து வைத்தேன். நான்காம் நாள் வாசலில் அடையாள அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை.

“எதிர்ப்பக்கம் போயிட்டு அதுக்குள்ள வந்துட்டியா? அங்க காபி நல்லா இல்லையாக்கும்?” என்றான் காவலாளி எர்ல்.

உள்ளே போய் விசாரித்திருக்கலாம். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் நிற்குமே. சாப்பாட்டு டப்பாவைத் தரையில் அடித்துவிட்டு வந்தேன். அந்த வீறாப்பில் நாலு வருடம் போயிற்று.

மூன்று ஆலை மாறினேன். கடைசி ஆலை மூடியதும் மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. மாதம் ஓர் ஊசி போட்டால்தான் ஜோலினுக்கு மூச்சு ஒழுங்காக வரும். வேறு வழியில்லாமல் பழைய ஆலைக்குக் கணினியில் விண்ணப்பித்தேன். இரண்டே நிமிடத்தில் ‘வேண்டாம்’ என்று பதில் வந்தது. மனிதர் யாரும் அதைப் படித்திருக்க முடியாது.

நேரே லோர்னாவின் அறைக்குப் போய்க் கத்தினேன். கண்ணாடிப் பெட்டி, போன், அடுத்த வாரம் போட வேண்டிய ஊசி, எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன்.

“முடிச்சிட்டியா கிளென்? உக்காரு. எந்த நம்பருக்குப் பண்ணின?”

லீவு சொல்லும் எண்ணை அச்சடித்து ஆலை கொடுத்த சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதிலிருந்த எண்ணை இரண்டு முறை படித்தார். மெல்லக் குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரப்பர் போட்ட ஒரு கட்டு, புது எண் அச்சடித்த சீட்டுகள். ஜோலின் பிறந்த வருடம் எண் மாறியிருக்கிறது. முதல் ஷிப்டுக்குக் கொடுத்தவர், எங்களுக்குக் கொடுக்க மறந்துவிட்டார். நான் பேசியதெல்லாம் யாரும் கேட்காத பழைய எண்ணில் கிடந்திருக்கிறது.

இழுப்பறை என் கண்ணுக்குத் தெரியாத பக்கம் இருந்தது. சத்தமில்லாமல் மூடியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. லோர்னா அந்தக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“தப்பு என்னுது. நீயும் எதிர்ப்பக்கம் போயிட்டேன்னு நெனச்சேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்.”

கட்டோடு மேலாளர் வின்ஸின் அறைக்குப் போனார். நான் வெளியே நின்றேன், கதவு பாதி திறந்திருந்தது.

“புது ஆளா சேத்துக்கங்க லோர்னா. இதையெல்லாம் எழுதி வைக்காதீங்க, நாளைக்கு வக்கீல் வந்து நிப்பான்.”

“புது ஆளுன்னா காப்பீட்டுக்குத் தொண்ணூறு நாள் காத்திருக்கணும். அவன் பொண்ணுக்கு அடுத்த வாரம் ஊசி.”

“உங்களுக்கு இன்னும் நாலு வருஷத்துல ஓய்வு. இப்பப் போயி பேரைக் கெடுத்துக்கணுமா?”

“கெட்டா கெடட்டும். நான் மறந்துட்டேன்னு அந்தக் குழந்தை மூச்சு முட்டணுமா?”

வின்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

“எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போடுறேன்.”

மறுநாள் வாசலில் லோர்னாவே என்னோடு நின்றார். கதவு திறந்தது. அட்டையில் நான் முதன்முதலில் சேர்ந்த தேதியே இருந்தது. புது ஆள் இல்லையென்பதால் அன்றைக்கே காப்பீடும் தொடங்கியது. அடுத்த வாரம் ஊசி போட்டாயிற்று.

அவர் அதோடு விடவில்லை. எண் மாறிய சமயத்தில் ‘கூடாது’ என்று குறிக்கப்பட்ட இரண்டாம் ஷிப்டு ஆட்கள் பதினோரு பேரையும் தேடிப் போன் செய்தார். ஆறு பேர் பழைய எண்ணில் சொல்லியிருந்தவர்கள். ஒருவன் அரை மணி நேரம் திட்டினானாம், போனை வைக்காமல் கேட்டுக்கொண்டாராம். அதன் பிறகு ஒரு போன் செய்து கேட்காமல் யாருக்கும் ‘கூடாது’ போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஊமையாக நின்றதைப் பார்த்து லோர்னா சிரித்தார். “கத்தச் சொன்னா கத்துவான். பேசச் சொன்னா வராது.”

எனக்கும் சேர்த்து ஜோலின் ஏதோ செய்திருந்தாள். அவளுக்கு இப்போது எட்டு வயது. அந்த அறை நிறையத் தொங்கிய நாற்பது பலூன்களையும், பம்பு வேண்டாமென்று சொல்லி, அவளே வாயால் ஊதியிருந்தாள்.