அக்கா கொடுத்த சிறுநீரகமும் மகன் அனுப்பிய காளானும்

மருந்துக்கடையில் நிற்பவனிடம் ஜனங்கள் மருந்தைவிட அதிகமாகக் கேட்பது தைரியம்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் கடுத்துப்போன என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருப்பதி பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் நான் இருந்த காலத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் தடையில்லாமல் வந்து இறங்கின. வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குக் கிளம்பினார்கள். இரண்டும் சேர்ந்துதான் எங்கள் பக்கத்துக்குக் காளான் மருந்தைக் கொண்டுவந்தன.

டை கட்டிய மனிதர்

புத்தலப்பட்டிலிருந்து ஒருவர் வருவார். கொளுத்தும் வெயிலிலும் டை கட்டியிருப்பார். சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு, முடி கொட்டுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே காளான் மாத்திரையைச் சொல்வார். விற்பதைவிட ஆள் சேர்ப்பதில்தான் அவருக்கு அக்கறை. எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே என்றேன்.

"ஃபர்ஸ்டு மெம்பரா சேருங்க சார், வியாதி தானா வரும்."

யாருக்குச் சாப்பாடு?

கார்வேட்டிநகரத்து விவசாயி ஒருவர் அவரிடம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வயிறு உப்பி வந்து நின்றார். காளானில் இருக்கும் ஒருவகை நார் நம் வயிற்றில் செரிக்காது, பெருங்குடல் வரை அப்படியே போகும், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்று காற்றை உண்டாக்கும் என்றேன். அளவோடு போனால் அவை நமக்கு நல்லதும் செய்யும் என்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் பாட்டிலை உற்றுப் பார்த்தார்.

"எம்மாம் வெலை! துன்னது நானு, ருசி பாக்கறது அதுங்களா?"

வெளியாள்

பிச்சாட்டூர் சாந்தம்மா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி முனிரத்தினத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டபோது தன்னுடைய ஒன்றைக் கொடுத்தவர் அவர். தம்பியின் மாத்திரைகளை மாதாமாதம் எங்கள் கடையில்தான் வாங்குவார். ஒருநாள், குவைத்தில் வண்டி ஓட்டும் மகன் அனுப்பியதாக ஒரு காளான் பொடி டப்பாவை நீட்டினார். எதிர்ப்பு சக்தி கூடுமாம், மாமனுக்குக் கொடுக்கச் சொன்னானாம். காலையில் கூழில் கலந்து கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. எதிர்ப்பு சக்தி காவல்காரன் மாதிரி, வெளியாளைக் கண்டால் அடிக்கும். புதிதாக வைத்த சிறுநீரகத்தை அடித்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் காவல்காரனைத் தூங்கவைக்க இத்தனை மாத்திரை. இந்தப் பொடி அவனைத் தட்டி எழுப்பிவிடலாம், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றேன். சாந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரே வயித்துல பொறந்தவ நானு. எங்கிட்ட இருந்து போனது அவனுக்கு வெளியாளா சார்?"

உப்பு

அடுத்த மாதம் முனிரத்தினமே வந்தார். கால் வீங்கியிருந்தது. ரத்தத்தில் உப்பு, அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின், ஏறியிருப்பதாகச் சொல்லி டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதியிருந்தார். இன்னும் ஏறினால் அக்கா கொடுத்ததும் போய்விடும். பொடியைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. நிறுத்தவும் இல்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் தலை நிமிராமல் சொன்னார்:

"மருமவன் வெயில்ல வெந்துக்கினு அனுப்பறான். அக்கா தன் கையால குடுக்குது. எதைச் சொல்லி வாணாம்ங்கறது சார்?"

புரட்டாசி

புரட்டாசி பிறந்தது. பெருமாள் மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. காளானும் அவர்களுக்குக் கவுச்சிதான், கறி மசாலா போட்டுத்தானே ஆக்குகிறார்கள். சாந்தம்மா பொடி டப்பாவைக் கறிச்சட்டியோடு சேர்த்துப் பரணில் ஏற்றிவிட்டார்.

மாதக் கடைசியில் உப்பு இறங்கியிருந்தது. மாற்றிய மாத்திரையாலா, பொடியை நிறுத்தியதாலா என்று எனக்குத் தெரியாது. நான் விடாமல் நச்சரித்ததில் முனிரத்தினம் இந்த முறை டாக்டரிடம் பொடியைப் பற்றியும் சொல்லிவிட்டார். இனி அதைத் தொடவே கூடாது என்றாராம். ஐப்பசி பிறந்ததும் மாத்திரை வாங்க வந்த சாந்தம்மாவிடம், மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். ஆபரேஷன் செய்த பக்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"புள்ள அனுப்பினதைக் கெட்டதுன்னு சொல்லுவனா? எந்தம்பிக்கு இனிமே வருசம் பூரா புரட்டாசின்னு சொல்லிட்டேன் சார்."

படித்துப் பட்டம் வாங்கி, மூச்சு முட்டப் பேசியும் என்னால் மூடவைக்க முடியாத ஒரு டப்பாவை, ஏழு மலைக்கு மேலே நின்ற இடத்தைவிட்டு அசையாமலே ஒருவர் மூடவைத்துவிட்டாரே என்று எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமைதான்.