கழுத்துப் பட்டையில் ஒரு மான்

"கடைசியில் இருக்கிற அந்தப் பின் எனக்கு வேண்டும்" என்று சம்யுக்தா ஆங்கிலத்தில் சொல்லி விரலை நீட்டியதும் உமாராணி பட்டையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கழுத்தில் தொங்கிய நீலப் பட்டையில் பன்னிரண்டு பின்கள் இருந்தன. ஒட்டகம், பலூன், குட்டி ரயில், கண்ணாடி போட்ட பேரீச்சம்பழம் என்று பதினொன்றை யார் கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிடலாம். பன்னிரண்டாவது, வயிற்றில் ஐந்து என்று எண் போட்ட வெள்ளி மான். அந்த பார்க்கில் ஐந்து வருஷம் வேலை பார்த்த ஆட்களுக்கு மட்டும் கொடுப்பது. பட்டையில் இருக்கவே கூடாத பொருள் அது.

இந்தப் பின் பைத்தியத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. துபாயின் புறநகரில் இருக்கும் அந்த பார்க்குக்கு ராட்டினம் சுற்ற வருகிறவர்கள் பாதி என்றால், பின் மாற்ற வருகிறவர்களும் ஒரு கூட்டம் உண்டு. சட்டையில் குத்துகிற சின்னத் தகடுதான். அதைப் புத்தகம் புத்தகமாகச் சேர்ப்பார்கள். தங்களிடம் இருக்கும் ஒன்றைக் கொடுத்து ஊழியர் பட்டையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கேட்டவருக்கு இல்லை என்று மட்டும் ஊழியர் சொல்லக் கூடாது. கொடுத்தது போலியாகவே இருந்தாலும் சிரித்தபடி வாங்கி, டியூட்டி முடிந்ததும் ஆபீஸ் டப்பாவில் போட வேண்டும். விருந்தினரிடம் அதைச் சொல்லி வைக்கக் கூடாது.

மான் பட்டைக்கு எப்படி வந்தது? எல்லாம் புதுச் சட்டையால் வந்த வினை. ஆண்டுக்கொரு முறை நடக்கும் பின் திருவிழாவுக்காக அன்று காலைதான் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள். மேற்பார்வையாளன் பாலா, கோயம்புத்தூர்ப் பையன், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கறாராகச் சொல்லிவிட்டான்: "சட்டையில ஒரு ஓட்டை விழக் கூடாதுங்க. காந்தம் வெச்ச பேட்ஜ் மட்டுந்தான்." எப்போதும் சட்டையில் குத்துகிற மானுக்கு இடமில்லை. முவைலாவில் தங்கியிருக்கும் ரூமில் விட்டுவிட்டு வரலாமென்றால் ஆறு பேர் படுக்கும் ரூம். ஐந்து வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்த ஒரே பரிசு அது. பட்டையின் அடியில், ரயிலுக்குப் பின்னால் ஒளித்து மாட்டிக்கொண்டாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். பார்க்கத்தானே அந்தக் கூட்டம் வருகிறது!

கொடுத்தால் பணியாளர் சின்னத்தைக் கைமாற்றிய குற்றம். கொடுக்காவிட்டால் விருந்தினரை மறுத்த குற்றம். எப்படிப் பார்த்தாலும் ஒரு வார்னிங் லெட்டர். அவளிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன, இரண்டும் வாய் வாங்கிக் கொடுத்தவை. குளத்தில் ஐஸ்கிரீம் டப்பாவை வீசிய ஒருவரைப் பார்த்து "உங்க வீட்டுல இப்படித்தான் போடுவீங்களா?" என்று இந்தியில் கேட்டது முதலாவது. பின்னைக் கழற்றுமுன் பட்டையைப் பிடித்து இழுத்தவனிடம் முடியாது என்றது இரண்டாவது. மூன்றாவது வந்தால் கலாஸ், வேலை முடிந்தது. அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். ஆள் அனுப்பும் கம்பெனிக்குக் காரணம்கூடத் தேவையில்லை, டிக்கெட் போட்டுவிடுவார்கள். ஊருக்குப் போனால் அருப்புக்கோட்டையில் அண்ணன் வீட்டு அடுப்படி. புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம் அங்கே நின்று, மதினி அளந்து போட்ட சோற்றைத் தின்றவள் அவள். நாற்பத்தோரு வயதில் மறுபடி அங்கே போய் நிற்பதற்குச் செத்துவிடலாம் என்று நினைத்தாள். மிகைதான். ஆனால் அந்த நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள்.

"மேம், திஸ் ஒன் இஸ் மைன். சர்வீஸ் பின்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"பட்டையில் இருக்கிறதே. பட்டையில் இருப்பதை மறுக்கக் கூடாது. எனக்கு ரூல் தெரியும்."

சம்யுக்தாவுக்கு நிஜமாகவே தெரியும். வங்கி அதிகாரி, சென்னைக்காரி, நான்கு வருஷமாக வருஷ பாஸ் எடுத்து வருகிறவள். உமாராணி வேலை பார்க்கும் குட்டி ரயில் கேட்டில் அவளிடம் எத்தனையோ முறை மாற்றியிருக்கிறாள். ஒரு முறைகூடத் தமிழில் பேசியதில்லை. போனில் அம்மாவிடம் தமிழில் பேசுவதை உமாராணி கேட்டிருக்கிறாள். அவளாகப் பேசட்டும் என்று இவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

"நான்கு மணிக்கு ஹாலில் எல்லாரும் புத்தகத்தைத் திறக்கிறோம். ஐந்து வருஷ மான், பின் சேர்க்கிற எங்கள் கிளப்பில் ஒருவரிடமும் இல்லை." சம்யுக்தாவின் கண் பளபளத்தது. "சும்மா கேட்கவில்லை. இதைத் தருகிறேன்."

உமாராணியின் உள்ளங்கையில் ஒரு தங்க நிறக் கதவை வைத்தாள். பார்க் திறந்த அன்று வெளியிட்ட பின். கிடைக்காத பொருள் என்பார்கள். மணி மூன்றேகால்.

உமாராணியின் கை அதை ஒரு முறை தூக்கிப் பார்த்தது, அவளைக் கேட்காமலே. பதினொரு வருஷம் பஞ்சாலையில் நூல் கோன் சோதித்த கை. எடை குறைந்த கோனைத் தூக்கிய மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவாள், தராசு பிற்பாடு வந்து ஆமாம் போடும். கதவு லேசாக இருந்தது. திருப்பினாள். அசல் பின்னின் முதுகில் பொடி மான் தலைகள் விளிம்பு வரை ஓடும். இதில் விளிம்புக்கு முன்பே ஒரு கோடு போட்டு நின்றிருந்தன. ஓரம் விரலைக் கீறியது.

போலி. இந்தத் தகரத்துக்கா என் மான்?

வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் இந்த அம்மாளுக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. புத்தகத்தில் இதைப் போல இன்னும் எத்தனை போலியோ, அத்தனையோடும் நான்கு மணிக்கு ஹாலில் போய் உட்காருவாள். அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருப்பார்கள். உமாராணிக்குக் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன. அப்படி வந்தால் அவள் வாய் அவள் வசம் இருக்காது.

"மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. இது ஒரிஜினல் இல்ல."

தமிழைக் கேட்டதும் சம்யுக்தா ஒரு கணம் விழித்தாள். பிறகு முகம் சிவந்தது.

"என்ன சொன்ன? நான் டூப்ளிகேட் குடுத்து ஏமாத்தறேன்றியா?"

"ஏமாத்துறீகன்னு சொல்லல மேடம். உங்கள யாரோ ஏமாத்தியிருக்காக."

"கேட்ல நிக்கிறவ நீ, எனக்குப் பின் சொல்லித் தரியா? குடுக்க மனசில்ல, அதுக்கு இப்படி ஒரு கதை!" பார்க்கின் ஆப்பைத் திறந்து தடதடவென்று தட்டினாள். "கம்ப்ளெயின்ட் போட்டாச்சு. உன் பேரோட."

கம்ப்ளெயின்ட் நேராக பாலாவின் கையிலிருக்கும் டேப்லெட்டுக்குப் போகும். பத்து நிமிஷத்தில் வருவான். உமாராணி நகரவில்லை. போனது போய்விட்டது, சொன்னதையாவது நிரூபித்துவிட்டுப் போகலாம் என்ற வைராக்கியம் வந்தது. பட்டையிலிருந்து ஒட்டகத்தைக் கழற்றினாள்.

"ஒரே ஒரு நிமிசம் மேடம். ரெண்டும் ஒரே சைஸு. கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையிலயும் வச்சுப் பாருங்க."

திட்டத்தான் வாயெடுத்தாள் சம்யுக்தா. ஆனால் சேர்க்கிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, சந்தேகம் வந்துவிட்டால் பார்க்காமல் இருக்க முடியாது. கண்ணை மூடினாள். இரண்டு கைகளும் மெல்ல ஏறி இறங்கின. கண்ணைத் திறக்க வெகு நேரம் பிடித்தது.

"ஆன்லைன்ல வாங்கினேன்" என்றாள், குரல் இறங்கி. "மொத்தமா. நிறைய வாங்கியிருக்கேன்."

ரயில் மேடையின் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். உமாராணி வரிசைச் சங்கிலியை மாட்டிவிட்டுப் பக்கத்தில் குனிந்தாள். அடுத்த ரயிலுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. கை வேகமாக ஓடியது. இது சரி. இது இல்லை. இதுவும் இல்லை. இல்லை. ஒவ்வொரு "இல்லை"க்கும் சம்யுக்தாவின் தோள் ஒரு இழை இறங்கியது. மூன்று பக்கங்களில் தேறியவை பதினான்கு. ஒவ்வொன்றின் கீழேயும் சம்யுக்தா தேதியும் இடமும் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பதினான்கில் பத்தின் கீழே "ரயில் கேட், உமா" என்று இருந்தது.

உமாராணி அதைப் படித்தாள். தன் பேரை இந்த அம்மாள் எழுதி வைத்திருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எனக்கு வர்ற போலிய எல்லாம் டப்பாவுல போட்டுருவேன் மேடம். பட்டையில வைக்க மாட்டேன்."

அதற்குள் பாலா டேபைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்துவிட்டான். அவனுக்குப் பின்னாலேயே கிளப் ஆட்கள் மூன்று பேர், கழுத்தில் பையும் கையில் புத்தகமுமாக, "சம்யுக்தா, ஹாலுக்கு வரலையா?" என்று கேட்டபடி வந்து நின்றார்கள்.

"சாரி மேம்" என்று பாலா ஆங்கிலத்தில் தொடங்கினான். "பின் மாற்ற மறுத்தார், உங்களை அவமானப்படுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே நடவடிக்கை எடுக்கிறோம்." உமாராணியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "ஏங்க்கா, மூணாவதுங்க இது. நான் என்னத்தைப் பண்ணட்டும்?"

 உமாராணி ஆயுளில் முதல் முறையாக வாயைக் கட்டினாள். சொன்னால் அந்த மூன்று பேருக்கு முன்னால் இந்த அம்மாளின் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் வேலை போகும். சொல்ல வேண்டியவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சம்யுக்தா புத்தகத்தைப் பட்டென்று மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். கிளப்காரர்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எழுந்துவிடுவாள், போய்விடுவாள் என்று உமாராணிக்குத் தோன்றியது. ரயில் வளைவில் கூவியது.

சம்யுக்தா எழுந்தாள். ஆனால் போகவில்லை.

"கம்ப்ளெயின்ட் தப்பு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னாள். "நான்தான் இவரிடம் போலி பின்னைக் கொடுத்தேன். எனக்கே தெரியாது. என் புத்தகத்தில் பாதிக்கு மேல் போலி. இவர் சொல்லித்தான் தெரிந்தது." கிளப்பில் ஒருத்தி "ஐயோ" என்றாள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்யுக்தாவின் காது மடல் வரை சிவந்திருந்தது. "டேபைக் கொடுங்கள். நானே எழுதித் தருகிறேன்."

எழுதினாள். பாலா ஒரு முறைக்கு இரு முறை படித்தான். பெருமூச்சு விட்டு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். "க்ளோஸ் பண்ணிட்டேனுங்க்கா" என்றான்.

உமாராணிக்கு அப்போதுதான் கால் தரையில் பட்டது. கிளப்காரர்கள் நகர்ந்தார்கள். சம்யுக்தா மட்டும் நின்றாள்.

"அந்த மானை ஒரு தடவை கையில வச்சுப் பாக்கலாமா? மாத்த வேண்டாம்ங்க. சும்மா."

உமாராணி கழற்றிக் கொடுத்தாள். சம்யுக்தா கண்ணை மூடி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல கனம்" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினான்கு பின் தேறிய புத்தகத்தோடு ஹாலைப் பார்த்து நடந்தாள்.

ரயில் வந்து நின்றது. உமாராணி மானைப் பட்டையில் மாட்டவில்லை. புதுச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்துத் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஊசியை நறுக்கென்று குத்தினாள்.

"அக்கா, சட்டை! ஓட்டைங்க்கா!" என்று பாலா பதறினான்.

"விழட்டும்ப்பா" என்றாள் உமாராணி. மானைச் சரிபார்த்து நேராக்கிவிட்டு, சங்கிலியைக் கழற்றக் கேட்டுக்குப் போனாள்.