கறுப்பு ஒன்பதின் மேல் சிவப்பு எட்டு

அம்மாவுக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது.

தம்பி பிறக்கப்போகிறான் என்று என்னைச் செபராங் ஜெயாவில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அத்தை மகனின் பழைய கணினியில் சாலிட்டேர் என்ற சீட்டாட்டத்தைத் தவிர வேறு விளையாட்டு எதுவும் ஓடாது. பொழுது போகாமல் அதையே திரும்பத் திரும்ப ஆடினேன். அங்கே இருக்கும்போதே தம்பி பிறந்தான். இரண்டு நாள் இருந்தான். பிறகு அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "தம்பி சாமிகிட்ட போயிட்டான், பாப்பா. வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதலா" என்றாள். நானும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து காதில் விழுந்தவை. அறுவைசிகிச்சை முடிந்து அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். குழந்தையைப் பிறந்த உடனேயே வேறு வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது போனதும், பெற்றவள் பார்க்க வேண்டாம், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று உறவில் எல்லாரும் சொல்ல, அப்பா தலையாட்டிவிட்டார். அவரும் சித்தப்பாவும் மருத்துவமனையிலிருந்து நேராகக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மா தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் கெலுகோரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சண்டையெல்லாம் கிடையாது. அவருடைய தொழிற்சாலைச் சட்டையைத் தேய்த்து மாட்டுவாள், தட்டை எடுத்து வைப்பாள். சொல்ல வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்வாள். "சாப்பாடு மேசைல இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு." அப்பா அங்கேயேதான் நின்றிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வேன். எனக்கு அந்த வேலை பெருமையாகத்தான் இருந்தது.

சித்தப்பா எனக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்து கொடுத்தார். வீட்டு வேலை போக மற்ற நேரமெல்லாம் அம்மா அறையிலேயே கிடந்தாள். பூண்டுக் குழம்பும் கருவாடுமாகப் பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாப்பாடு வேளாவேளைக்கு அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைதான் இல்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் அவள் கட்டிலிலேயே சீட்டுகளைப் பரப்பினேன்.

"இத எத்தன பேரு ஆடணும்?" என்று கேட்டாள்.

"ஒரே ஆளுதாம்மா."

அதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

நான் சொல்லிக்கொடுத்தேன். ஏழு வரிசை. முதல் வரிசையில் ஒரு சீட்டு, அடுத்ததில் இரண்டு, இப்படியே போய் ஏழாவதில் ஏழு. எல்லாமே கவிழ்ந்திருக்கும், ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டுக்கு மட்டும்தான் முகம் தெரியும். கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு, எண் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். ஏஸ் வந்தால் மேலே எடுத்து வைத்து, அதே சின்னத்தில் இரண்டு, மூன்று என்று அதன்மேல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிசை காலியானால் அங்கே ராஜாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. நகர்த்த ஒன்றும் இல்லையென்றால் கையில் மிஞ்சிய கட்டிலிருந்து எடுத்துப் பார்க்கலாம்.

அம்மா கவிழ்ந்திருந்த ஒரு சீட்டைத் தொட்டாள். "அடியில இருக்கறத எடுத்துப் பாக்கவே கூடாதா?"

"கூடாது. மேல உள்ளது நகந்தாதான் பாக்கலாம்."

அவள் அதன் முதுகை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஆட்டம் புரியவில்லை போலும் என்று நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அதன் பிறகு தினமும் ஆடினாள். சில நாளில் அறையை விட்டு வெளியே வந்து சாப்பாட்டு மேசையில் ஆட ஆரம்பித்தாள். நான் பக்கத்து நாற்காலியில் மண்டியிட்டு, அவள் தப்பு செய்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் ஆட்டம் பாதியில் சிக்கிக்கொள்ளும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாரிக் கலைத்து மறுபடி போடுவாள்.

அப்பா காலை ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வருவார். அம்மாவுக்குப் பிடிக்குமென்று சில நாள் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி வருவார். அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவள் பின்னால் நிற்பார். அப்புறம் குளிக்கப் போய்விடுவார். ஒருநாள் அப்படி நின்றவர் கையை நீட்டி, ஒரு சிவப்பு எட்டை எடுத்துக் கறுப்பு ஒன்பதின் மேல் வைத்தார். நானும் அம்மாவும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தோம்.

"அப்பா! இது ஒருத்தர் ஆடற ஆட்டம். அம்மாதான் ஆடணும், ரூல்ஸ் இருக்குலா!" என்று கத்தினேன்.

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. எட்டுக்கு அடியில் கவிழ்ந்திருந்த சீட்டைத் திருப்பிப் போட்டாள். அப்பா குளிக்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் ஆட்டம் கெட்டுவிட்டது. கண்ணெதிரே கிடக்கும் சீட்டையெல்லாம் விட்டுவிடுவாள். "அம்மா, அந்த ராணிய இங்க வைக்கலாம்" என்பேன். "பாத்துட்டேன்" என்பாள், வைக்கமாட்டாள். அப்பா வருவார், கைகழுவிவிட்டு வந்து ராணியை எடுத்து வைப்பார். எத்தனை சொல்லிக்கொடுத்தும் அம்மாவுக்கு இந்த விளையாட்டு வராது என்று முடிவு கட்டினேன்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முழுக்கச் சிக்கிக்கொண்டது. அப்பாவுக்கும் நகர்த்த ஒன்றும் இல்லை. நின்று நின்று பார்த்தவர், எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவன் மூக்கு அப்படியே உன்னோடது."

அம்மாவின் கையில் ஒரு சீட்டு இருந்தது. அது அப்படியே நின்றது.

"முடி?" என்றாள்.

"நிறைய. காது மேலயெல்லாம் விழுந்து கெடந்துச்சு."

"கண்ணு தொறந்தானா?"

"ஒருவாட்டி. என் விரல புடிச்சான்." அப்பா தன் சுண்டுவிரலைப் பார்த்தார். "எல்லாரும் சொன்னாங்கன்னு தலையாட்டிட்டேன். உனக்குக் காட்டியிருக்கணும்."

பரவாயில்லை என்று அம்மா சொல்லவில்லை. கையிலிருந்த சீட்டை மேசையில் வைத்தாள். பிறகு, "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"நாளைக்கே போலாம்."

மறுநாள் காலையில் என்னைப் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பிப்போனார்கள். மதியம் திரும்பியபோது அம்மாவின் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனாலும் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். இருவரும் ஒன்றையும் தொடாமல் நேராகக் குளிக்கப் போனார்கள்.

தலை துவட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தர பாத்துட்டு வந்தோம்."

"அங்க சின்னப் புள்ளைங்க இருந்தாங்களா?"

அம்மா துவட்டுவதை நிறுத்தினாள். "ம். ஒருத்தன் இருந்தான்."

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல."

"அடுத்த தடவ கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

போன தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுன் இன்னும் எனக்கு அளவாக இருக்குமா என்று பார்க்க அலமாரிக்கு ஓடினேன்.