அம்மா சொல்லாத சாட்சி

புனல் ஒலிபெருக்கியின் கரகரப்பும், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மண்ணெண்ணெய் நாற்றமும், கருவாட்டு நெடியும் ஒன்றாகக் கலந்து தலைக்கேறிய ஒரு சாயங்காலம், எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம் கடற்கரை மணலில் எங்கள் சபை நற்செய்திக் கூட்டம் போட்டிருந்தது. ஆனால் எல்லோர் கண்ணும் கடல்மேல்தான் இருந்தது. பக்கத்து வீட்டு நாகம்மாவின் புருஷன் முந்தின நாள் விடியலில் கட்டுமரத்தில் போனவர், பகலில் பெருங்காற்று அடித்தது, ஆள் திரும்பவில்லை. நாகம்மா கரையோரக் கன்னியம்மன் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியாருக்கு அது போதுமானதாக இருந்தது. "கல்லைக் கும்பிடுகிறவர்களுக்குக் கடல் கொடுக்கும் கூலியைப் பாருங்கள்!" என்று மைக்கில் கத்தினார். எங்கள் ஆட்களில் சிலர் அதற்கும் அல்லேலூயா சொன்னார்கள். வெட்கங்கெட்ட சனம்.

என் அம்மா மீன் விற்கிறவள். சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாத வியாபாரி கிடையாது. அவள் எழுந்து மேடைக்கு நடந்தபோது பின்னாலிருந்து ஒருவர், "செத்தான்டா இன்னிக்கி இந்த ஆளு" என்று சிரித்தார். அம்மா மைக்கை வாங்கினாள்.

"அண்ணாத்த, ஏசு எனக்கு இன்னா பண்ணாருன்னு கேளு, விடிய விடிய சொல்றேன். அவங்க சாமிய ஏன் இழுக்குற? அந்தப் பொண்ணு புருசனுக்காகக் குந்திகினு கீது. நீ பேசறது அவ காதுல வுழுவுது."

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, போய் நாகம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் சனம் ஒவ்வொருத்தராக எழுந்து அவள் பின்னால் போனது. உரக்க ஒரு ஜெபமும் இல்லை. அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இது என் அம்மாதானா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் மத்தியானம் மாமல்லபுரத்துப் படகு ஒன்று நாகம்மாவின் புருஷனை உயிரோடு கொண்டுவந்து இறக்கியது. பிரசங்கியார் ஓடிவந்தார். "சகோதரி, உங்கள் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இது! இன்றைக்கு மேடையில் சாட்சி சொல்லுங்கள்."

"அவளுந்தான் கற்பூரம் ஏத்துனா. யாரு வேண்டி வந்தான்னு நான் எப்டி மைக்குல சொல்றது? வுடு அண்ணாத்த, ஆளுக்கு மொதல்ல கஞ்சி ஊத்து" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முழங்காலில் விழுந்தாள். "கொண்டாந்துட்டியே ஏசப்பா, கொண்டாந்துட்டியே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். யார் கொண்டுவந்தது என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. அதை வெளியே ஒரு நாளும் சொல்லவில்லை. இத்தனை வயதாகியும் எனக்கு அந்தப் பிரமிப்பு போகவில்லை.

நாகம்மா கடைசிவரை எங்கள் கோயிலுக்குள் வந்ததில்லை. ஆனால் அம்மாவைப் புதைத்த அன்று கல்லறைவரை நடந்துவந்தாள். குழியில் மண்ணைப் போட்டுவிட்டு, "ஏசப்பா, இவள நல்லா பாத்துக்கோ" என்றாள்.

இப்போது நாகம்மாவும் இல்லை, கட்டுமரங்களும் இல்லை. எங்கள் சபைப் பிள்ளைகள் அடுத்தவன் சாமியைத் திட்டிப் போனில் வீடியோ போடுகிறார்கள். அதற்குச் சாட்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்களுக்காக ஏசுவிடம் வேண்டிக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஒருத்தியாவது மிஞ்சுவாளா?