யாராக இருந்தாலும்

அந்த வங்கியின் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு ‘வெச்சிடுங்க அக்கா’ என்று பெயர். எந்தக் கிளையிலிருந்து யார் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது, பாஸ்வேர்டை மாற்றிக் கொடு, கவுன்டரில் கூட்டம் கத்துகிறது என்று புலம்பினாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். வெச்சிடுங்க, நான் கூப்பிடுறேன். அப்புறம் வங்கியின் தொலைபேசிப் பட்டியலில் அந்த ஆளின் பெயரைத் தேடி, பெயருக்கு நேரே உள்ள எண்ணுக்கு அவளே கூப்பிடுவாள். அங்கே அதே ஆள் எடுத்தால் வேலை நடக்கும். எடுக்காவிட்டால் நடக்காது. கெஞ்சினாலும் சரி, அதட்டினாலும் சரி.

வேலை செய்யும் இடம் ஒரு கண்ணாடித் தடுப்பு. தலைக்கு நேர் மேலே ஏ.சி. கொட்டும், அதனால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். காதில் மாட்டும் ஹெட்போனில் பஞ்சு பிய்ந்து போனதால் அவளே துணி வைத்துத் தைத்திருந்தாள். பார்க்கிறவனுக்கு அது ஒரு மூலை. அவளுக்கு அது அப்படி இல்லை. வீட்டிலும் சரி, சொந்தக்காரர் கூட்டத்திலும் சரி, அவள் ‘முடியாது’ என்று சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டது கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் மட்டும் எதிர்முனையில் மேனேஜரே ஆனாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

முதலில் இப்படி ஒரு விதி இருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தார், சாதுவான மனிதர். ஒரு கிளை மேலாளர் பேசுவதாகச் சொல்லி ஒருவன் அவரைக் கூப்பிட்டான். மேலாளரின் மனைவிக்கு நடந்த ஆபரேஷன் வரைக்கும் சரியாகச் சொன்னான். குரலிலும் மேலாளருடைய அதே இருமல் இருந்தது. இவர் இரக்கப்பட்டு, பாஸ்வேர்டை மாற்றித் திறந்துவிட்டார். அன்று சாயந்திரத்துக்குள் அந்தக் கிளையில் பல பேருடைய சேமிப்பு துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. கிளை மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்கிற பெரிய படிப்புக்காரர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹெட்போன் மாட்டியிருந்தவர்தான் அட்டைப் பெட்டியில் சாமானை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெட்டிக்கு டேப் ஒட்டிக் கொடுத்தவள் இவள்.

அதற்குப் பிறகுதான் சுற்றறிக்கை வந்தது. கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும், பட்டியலில் உள்ள எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். கீழே கையெழுத்து, பொது மேலாளர். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் ‘பெரியவர்’ என்பார்கள்.

அந்தப் பெரியவர்தான் ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்.

மேலே கூட்ட அறையில் இயக்குநர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நம் வங்கிக்குள் ஒரு ஈ கூட நுழைய முடியாது என்று அவர்களுக்குத் திரை போட்டுக் காட்டப் போனவர், பதற்றத்தில் தன் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பத் தப்பாக அடித்துவிட்டார். அது பூட்டிக்கொண்டது. கூட்ட அறையின் போனை ஸ்பீக்கரில் போட்டே பேசினார். இதெல்லாம் இவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒரு குரல் மட்டும்தான்.

“வெச்சிடுங்க சார், நான் கூப்பிடுறேன்.”

“ஏம்மா, நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியலைங்க. அதுக்குத்தான் வெச்சிடச் சொல்றேன்.”

பட்டியலில் இருந்த எண்ணுக்கு அடித்தாள். டீ போடுகிறவர் எடுத்தார். பெரியவர் புது அறைக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. பழைய அறையில் டீ மிஷின் வைத்துவிட்டார்கள். ஆனால் பட்டியலில் எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவர் எங்கே என்று கேட்டதற்கு டீக்காரர் சிரித்தார். “பெரியவர் இங்க ஏதுக்கா, மிஷின்தான் இருக்கு. வேணும்னா அதுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் குடுங்க, கண்டவனெல்லாம் குடிச்சுட்டுப் போறான்.”

பெரியவர் மறுபடி கூப்பிட்டார். நீங்கள் உங்கள் எண்ணில் இல்லை என்று இவள் சொன்னாள். அவர் கத்தினார். இவள் இன்னும் மெதுவாகப் பேசினாள். அதற்குள் அவளுடைய பிரிவுத் தலைவர், அவளைவிட வயதில் சின்னவர், மூச்சு வாங்க ஓடி வந்து, அது பெரியவர்தான், குரல் எனக்குத் தெரியும், திறந்து தொலையுங்கள் என்றார்.

“உங்களுக்கும் திறக்க அதிகாரம் இருக்கே. உங்க பேர்ல நீங்களே திறங்க சார்,” என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

அவர் திரையைப் பார்த்தார். கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். மேலே இயக்குநர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். திங்கட்கிழமை ஊழியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அதோடு போயிற்று. கேட்காவிட்டால் அந்த நாற்காலி கிடையாது. தரைக்குக் கீழே காகிதமும் பேனாவும் அடுக்கி வைக்கிற கிடங்கு இருக்கிறது, அங்கே போய் உட்கார வேண்டியதுதான்.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, இதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை என்றான். “ஒரு சாரிதானே. பஸ்ல யார் காலை மிதிச்சாலும் சொல்றோம்.”

“மிதிச்சா சொல்லலாம். நான் மிதிக்கலையே.”

“நீ வழியில நின்னே, அவரா வந்து இடிச்சுக்கிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்புறதை விட்டுட்டு நியாயம் பேசுறே.”

அவள் அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். பிறகு, இரண்டு மாடி ஏறிப் போய் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்றாள். போகத் தோன்றவும் செய்தது. போகவில்லை. அவர் கத்தக் கத்த உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது, அதுதான் உண்மை.

“அப்போ அதுக்குக் கேளு மன்னிப்பு,” என்று கை கழுவ எழுந்தான். “எதுக்குக் கேட்குறேன்னு தெளிவா சொல்லிட்டுக் கேளு. இல்லேன்னா மொத்தமா உன் தலையில கட்டிடுவாங்க.”

திங்கட்கிழமை கூடம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் பெரியவர், கால் மேல் கால். பிரிவுத் தலைவர் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுருக்கமாகப் பேசுங்கள் மேடம் என்று காதில் சொன்னார். மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது.

கூட்ட அறைக்கு வந்து ஒரு எட்டு பார்த்திருக்கலாம், வராதது என் திமிர்தான், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றாள். பெரியவர் தலையை ஆட்டினார். பிரிவுத் தலைவர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“திறக்காததுக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன். நாளைக்கே நீங்க கூப்பிட்டாலும் அதேதான் செய்வேன்.”

பிரிவுத் தலைவர்தான் முந்திக்கொண்டார். ‘யாராக இருந்தாலும்’ என்றால் கிளைகளில் இருப்பவர்களைச் சொன்னது, அந்த விதியைப் போட்டவரையே சொன்னதாக எடுத்துக்கொள்வதா, தமிழ் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டார். பின்னால் யாரோ இருமினார்கள்.

“எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல யாராக இருந்தாலும்னா யாராக இருந்தாலும்தான் சார். வேற அர்த்தம் இருந்தா சர்க்குலரை மாத்துங்க. ‘பெரியவர் தவிர’ன்னு எழுதி எல்லாக் கிளைக்கும் அனுப்புங்க. அதுக்கப்புறம் திருட வர்றவன் வேற யார் பேரைச் சொல்லுவான்?”

கடைசி வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமலே வெளியே போனார்.

அடுத்த நாள் காலை அவளுக்கு மெயில் வந்திருந்தது. உடனே கிடங்கில் சேரவும். பிரிவுத் தலைவர் பெயரில் வந்திருந்தது. அவள் அதை ஒரு தடவை படித்தாள். பட்டியலைத் திறந்து, இடமாற்ற உத்தரவு போடுகிற பணியாளர் பிரிவுக்குக் கூப்பிட்டாள். இப்படி ஒரு உத்தரவு உங்களிடமிருந்து போனதா என்று கேட்டாள்.

எதிர்முனையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள். அப்படி ஒன்றும் போகவில்லையாம். இடமாற்றத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அது காலியாக இருக்கிறதாம். பெரியவர், பிரிவுத் தலைவர் எழுதட்டும் என்கிறாராம். பிரிவுத் தலைவர், பெரியவர் எழுதட்டும் என்கிறாராம். “ரெண்டு பேரும் பேனாவைத் தொட மாட்டேங்கறாங்க அக்கா. காரணம் இல்லாம நான் எப்படி அனுப்புறது? வேலை முடிஞ்ச மாதிரி இருக்கட்டும்னு உங்க சார் மெயிலை மட்டும் தட்டிவிட்டாரு போல.”

பத்து மணிவாக்கில் பிரிவுத் தலைவர் வந்து, இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“உத்தரவு வரலை சார். விசாரிச்சேன்.”

“நான் அனுப்பினதை நீங்க விசாரிக்கிறீங்களா?”

“உங்க பேர்ல வந்துச்சு. நீங்கதானான்னு பார்க்க வேண்டாமா?”

அவர் முகம் சிவந்தது. பக்கத்துத் தடுப்புகளில் இருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று மும்முரமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். காரணம் எழுதி வரும், இன்றைக்கே வரும், அப்போது பார்க்கலாம் என்று அவர் விரலை ஆட்டினார்.

“வரட்டும் சார். சுற்றறிக்கைப்படி நடந்ததற்காகன்னு எழுதச் சொல்லுங்க, அதுதான் காரணம். எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தா அந்த நிமிஷமே எழுந்து கீழ போறேன். போறதுக்கு முன்னாடி அதை ஒரு காப்பி எடுத்து, திறந்துவிட்டதுக்காக அட்டைப் பெட்டியோட வீட்டுக்குப் போனாரே, அவருக்குக் கொண்டு போய்க் குடுப்பேன். உங்ககிட்ட மறைக்கலை.”

அவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பிறகு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார். எதிர்முனையில் யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை.

அந்தக் கட்டம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. பெரியவர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவளுக்கு வர வேண்டிய சம்பள உயர்வும் அந்த வருஷம் வரவில்லை. அதைக் கேட்டு அவள் யார் அறைக் கதவையும் தட்டவில்லை. நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.