போயிட்டு வர்றோம்

அறை வேலை முழுவதும் முடிந்த பிறகு அக்கா ஒரு காரியம் செய்வாள். பால்கனிக்குப் போய், கடலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பிரம்பு நாற்காலிகளில் இடப்பக்கத்து நாற்காலியை மட்டும் முழங்காலால் லேசாக நெட்டுவாள். கையால் தொடமாட்டாள், கை அதற்குள் கழுவித் துடைத்துக் காய்ந்திருக்கும். நாற்காலி ஒரு சாண் திரும்பும். பக்கத்து நாற்காலியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல அப்படியே நின்றுகொள்ளும். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுத் தள்ளுவண்டியோடு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாற்காலிகள் நேராக இருக்க வேண்டும் என்றுதான் ஓட்டல் விதி. ஒருமுறை சூப்பர்வைசர் இதைக் கேட்டபோது, "ரெண்டும் நேரா பாத்துக்கிட்டு இருந்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றாள். சூப்பர்வைசர் போய்ப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த ஓட்டலின் மூன்றாம் மாடி, பதினான்கு அறைகள், இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பு. அதனால் மூணாம் மாடி அக்கா. அவசரத்தில் வெறும் மூணாம் மாடி. "மூணாம் மாடி சாப்பிட்டாச்சா?" என்று சமையலறையில் யாராவது கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸின் டிரைவர். கலங்கரை விளக்கம், அருங்காட்சியகம், ஓவியக்கூடம், பழைய கப்பல் தலைவர் ஒருவரின் வீடு. நாளைக்கு இரண்டு தடவை, பதினெட்டு வருடம். ஆனால் ஒன்றுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. எந்த இடத்தில் பதினோரு மணிவரை நிழல் இருக்கும், எந்த வாசலில் வண்டியைத் திருப்புவது கஷ்டம் என்பதெல்லாம் அத்துப்படி. பஸ்ஸில் வரும் வழிகாட்டி ஒலிபெருக்கியில் கதையை ஆரம்பித்து, வாசல் வந்ததும் "மீதியை உள்ளே பார்ப்போம், வாருங்கள்" என்று எல்லாரையும் இறக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஊரின் எல்லாக் கதையிலும் முன்பாதி மட்டும் இவருக்குத் தெரியும். அக்காவுக்கோ, ஊரைப் பார்க்க வந்தவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்பது தெரியும். ஊர் மட்டும் இருவருக்கும் பாக்கி.

இவர்கள் மகள் வேறொரு நகரத்தில் பயண ஏற்பாட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அப்பா அம்மாவின் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தபோது, கடற்கரையின் மறுகோடியில் இருக்கும் ஒரு ஓட்டலில் இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டாள். அக்காவுக்கு அந்த வருடம் மணிக்கட்டு வலி. கையை ஓய்வாக வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஓய்வாக வைத்த கை எப்படி இருக்கும் என்று அக்காவுக்கே தெரியாது.

"அம்மா, ரெண்டு நாள் நீ விருந்தாளி. ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. என்ன வேலை பாக்கறேன்னு அங்க யார்கிட்டயும் மூச்சு விடாத. விட்டா, பேச்சு பேச்சா போய் நீ துடைப்பத்தைக் கையில எடுத்துடுவ. என் மேல சத்தியம் பண்ணு."

போனிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். அக்காவும் மனதாரத்தான் செய்தாள்.

முதல் நாள் சத்தியம் தாங்கியது. ஒரே ஒரு கைப்பையோடு போனார்கள். இரண்டாம் மாடியில் கடல் தெரிகிற அறை. அக்கா கட்டிலின் ஓரத்தில், அடுத்தவர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். விரிப்பின் மூலை மடிப்பைப் பார்த்து, "பரவால்ல, தெரிஞ்சவங்கதான் போட்டிருக்காங்க" என்றாள். வீட்டுக்காரர், "வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்று ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் காலையில்தான் வினை. அவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அறையில் ஆள் தங்கிய சுவடே இல்லை. கட்டில் மேல் ஒரு சுருக்கம் கிடையாது. கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. குப்பைக்கூடை காலி. அக்கா அவர் தலையிலிருந்த துண்டை உருவி, அதையும் மடித்துவிட்டு, அவர் விலகியதும் குளியலறைத் தரையையும் துடைத்துக் காயவைத்தாள்.

"என்னடி இது?"

"சும்மா ஒரு உதறு உதறினேன்."

"உதறினதுக்கே இப்படியா? துவைச்சிருந்தா என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

அக்காவுக்குக் காரணம் இருந்தது. கலைந்த கட்டிலைப் பார்த்தால் படுத்தவர்களின் குணம், கோபம், தூக்கம் வராமல் புரண்டது எல்லாம் அவள் கண்ணுக்கு எழுத்துக்கூட்டாமலே தெரியும். பின்னால் வரப்போகிறவளும் அதே வேலைக்காரி. தன் தூக்கத்தை இன்னொருத்தி படிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கடைசியில், தன்னையறியாமல், பால்கனி நாற்காலியை முழங்காலால் ஒரு நெட்டு நெட்டினாள்.

அறையில் பொருளை விட்டுவிட்டுப் போவது அவளுக்குப் பிடிக்காது. காணாமல் போனால் முதலில் கேட்பது யாரை என்று அவளுக்குத் தெரியும். அதனால் கைப்பையும் கூடவே வந்தது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஊழியர் யாரும் சாவியோடு வாசலைத் தாண்டக் கூடாது. அந்தப் பழக்கத்தில் பித்தளை வில்லை மாட்டிய சாவியை ரிசப்ஷன் மேசையில் வைத்து, அங்கிருந்தவரிடம் மரியாதையாக, "போயிட்டு வர்றோம்" என்றாள். அவரும் எழுந்து நின்று, "போயிட்டு வாங்க" என்றார்.

அன்றைய பகல் நன்றாகக் கழிந்தது. கலங்கரை விளக்கத்தில் ஏறி, மேலே நின்று, வீட்டுக்காரர் தன் பஸ் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். இவ்வளவு சின்ன இடத்திலா இத்தனை வருடம் என்று அவருக்கே ஆச்சரியம். அருங்காட்சியகத்தில் சீட்டுக் கிழிப்பவர், "உள்ள வர்றீங்களா, வண்டி ரிப்பேரா?" என்று விசாரித்தார். ஓவியக்கூடத்தில் ஒரே நீலமாக இருந்த பெரிய படத்தின் முன்னால் அக்கா வெகுநேரம் நின்றாள். பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, சட்டத்தின் மேல்விளிம்பில் தூசி என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, படமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

கப்பல் தலைவரின் வீட்டை வீட்டுக்காரர் கடைசிக்கு வைத்திருந்தார். அதன் முன்பாதிக் கதை அவருக்கு மனப்பாடம். 'மூன்று வருடக் கடல் பயணம் முடிந்து தலைவர் இந்தக் கதவைத் தட்டினார். உள்ளே அவருக்காகக் காத்திருந்தது என்ன தெரியுமா?' பதினெட்டு வருடமாக அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு பலகையில் பதில் எழுதியிருந்தார்கள். கப்பல் மூழ்கிவிட்டதென்று நினைத்து, அவர் வீட்டில் வேறு குடித்தனம் வைத்துவிட்டார்களாம். கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு குழந்தையாம். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கயிறு கட்டித் தடுத்திருந்த தலைவரின் கட்டிலில் விரிப்பு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பிச் சாவியைக் கேட்டால், காலையில் இருந்த அதே ரிசப்ஷன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க காலையில கிளம்பிட்டீங்களே சார்."

"கிளம்பினோம். வந்துட்டோம்."

"சாவியைக் குடுத்துட்டு, பையோட, போயிட்டு வர்றோம்னு சொன்னீங்களே."

"அதான் வந்துட்டோம்ல."

அவர் அழாத குறையாகச் சொன்னார்: "போயிட்டு வர்றோம்னு சொல்லித்தாங்க எல்லாரும் போறாங்க. இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே."

விஷயம் இதுதான். சாவி வந்துவிட்டது. இரண்டாம் மாடியைப் பார்ப்பவர் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, 'காலி, தயார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று, மதியம் அந்த அறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "கப்பல் தலைவர் கதைதான்" என்றார் வீட்டுக்காரர், அக்காவின் காதோடு. அவருக்கு இதில் சந்தோஷம்கூட இருந்ததுபோல் தெரிந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்குள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரம்மா வந்துவிட்டார். இரண்டாம் மாடி ஊழியரையும் அழைத்து வந்திருந்தார். ஊழியருக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். போன மாதம்தான் கண்ணாடி மாறியிருந்தது. மாறுவதற்கு முன்னால் ஒருமுறை ஆள் இருந்த அறையைக் காலி என்று எழுதிவிட்டாராம். இன்னொரு தடவை நடந்தால் மாடி கிடையாது, கீழே சலவைக் கூடத்துக்குத்தான் என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. ஜன்னல் இல்லாத கூடம்.

"ஒரு தலைமுடிகூட இல்லைங்க மேடம்" என்றார் கண்ணாடியம்மா. குரல் உயரவில்லை. "குளிச்ச ஈரம்கூட இல்ல. அதுல யாரு தூங்கியிருப்பாங்கன்னு நான் எழுதுவேன்?"

"திரும்பவும் கண்ணு தெரியலைன்னு சொல்லப் போறீங்களா?"

அக்கா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மகள் மேல் செய்த சத்தியம் போச்சு. திறக்காவிட்டால் இந்த அம்மாவின் மாடி போச்சு. வீட்டுக்காரர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"அவங்க மேல தப்பில்லைங்க. அந்த ரூமை நான்தான் முடிச்சேன்."

கண்ணாடியம்மா சடாரென்று நிமிர்ந்து பார்த்தார். தங்க வருகிறவர்கள் 'சுத்தம் பண்ணேன்' என்பார்கள். அறையை 'முடிக்கிறவர்கள்' வேறு.

சூப்பர்வைசரம்மா நம்பவில்லை. பாவம் பார்த்துப் பொய் சொல்கிறீர்கள், விருந்தினர்கள் சில பேர் இப்படித்தான் என்றார் தன்மையாக. அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"பால்கனியில இடப்பக்கத்து நாற்காலி ஒரு சாண் திரும்பியிருந்திருக்கும். கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க மேடம்" என்றார் கண்ணாடியம்மா மெதுவாக. "திரும்பித்தான் இருந்துச்சு. நான்தான் நேராக்கினேன். எந்தக் கிறுக்கச்சி இப்படி வெச்சதுன்னு திட்டிக்கிட்டே நேராக்கினேன்."

"அந்தக் கிறுக்கச்சிதாங்க" என்றார் வீட்டுக்காரர்.

எந்த ஓட்டல், எத்தனை வருடம், எந்த மாடி என்ற விவரமெல்லாம் அப்புறம் வந்தது. சூப்பர்வைசரம்மா தன் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருந்த ஒரு வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அது துடைக்க வேண்டிய அளவுக்கு அழுக்காக இல்லை.

காலியாக இருந்தது ஐந்தாம் மாடியில் ஒரே அறை. அப்போதுதான் ஒரு பெரிய குடும்பம் விட்டுப்போனது. தரை முழுக்கக் கடற்கரை மணல். அதை முடிக்கக் கண்ணாடியம்மா தானே வருவதாகச் சொன்னார். அக்காவைப் பால்கனியில் உட்காரவைத்து, வீட்டுக்காரரைக் காவலுக்கு வைத்தார்.

"கட்டிலுக்கு அடியில அந்த ஓரமா—"

"தெரியும் அக்கா. உக்காருங்க."

"இல்ல, ஒரு முனையைப் பிடிச்சா சீக்கிரம்—"

"எங்க ஓட்டல்ல வந்து கை வெச்சீங்கன்னா நான் மூணாம் மாடிக்கு வந்து பெருக்குவேன். உக்காருங்க."

உட்கார்ந்தாள். கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். உள்ளே கண்ணாடியம்மா புது விரிப்பை இரண்டு கையாலும் உயர்த்தி உதறினார். அது மேலே போய், ஒரு கணம் மாலை வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு நின்று, பிறகு அவசரமில்லாமல் இறங்கியது. இருபத்திரண்டு வருடமாக அக்கா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. "இதுதானா" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் "ஆமா" என்றார்.

அன்று மாலை மகள் போனில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாயா என்று கேட்டாள். இருந்தேன் என்றாள் அக்கா. எந்த அறையில் என்று மகள் கேட்கவில்லை.

மறுநாள் காலை அக்கா தன் வாழ்க்கையின் மிகப் பெரிய காரியத்தைச் செய்தாள். கட்டிலைக் கலைந்தபடியே விட்டாள். போர்வை ஒரு பக்கம், தலையணைகள் ஒரு பக்கம். கதவு வரைக்கும் போய் மூன்று தடவை திரும்பி வந்தாள். கடைசித் தடவை பால்கனி நாற்காலியை மட்டும் ஒரு நெட்டு நெட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினாள். லிஃப்ட் வந்தபோது வீட்டுக்காரர் தொப்பியை மறந்துவிட்டேன் என்று ஓடினார். எடுத்துக்கொண்டு வர அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

கீழே சாவியைக் கொடுத்தபோது ரிசப்ஷன்காரர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்.

"இன்னைக்கு நிஜமாவே போறோம்" என்றாள் அக்கா.

"அப்படிச் சொல்லாதீங்க. போயிட்டு வாங்க."

அந்தக் கட்டிலைப் பற்றி அக்கா தன் ஓட்டலில் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். கலைச்சுப் போட்டுட்டு வந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கலை என்பாள். கேட்டவர்கள் நம்பினார்கள், நம்பாமலும் இருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஓய்வு நாளில் கண்ணாடியம்மா மூன்றாம் மாடியைப் பார்க்க வந்தார். இரண்டு பேருமாக அத்தனை அறைகளையும் சுற்றிப் பார்த்தபிறகுதான் அவர் அதைச் சொன்னார். அவர்கள் கிளம்பிய அன்றைக்கு அவரே போய் ஐந்தாம் மாடி அறையைத் திறந்தபோது, கட்டில் விரித்துப் போட்டிருந்ததாம். விரிப்பின் தையல் மேலே தெரிந்ததாம், நான்கு மூலையும் நான்கு விதமாம், தலையணை இரண்டும் கால்மாட்டில் இருந்தனவாம்.