இடது பக்கம் நின்றவர்

கவின், தேவி, இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிறவன் நான், அது உங்களுக்கே தெரியும். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொள்ளுங்கள்.

கரங்கான் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக் காற்பந்துக் கிளப், விக்டோரியா மகாராணி காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோக்குக்குத் தொடங்கியது. அப்போது ரப்பர்கூட வரவில்லையாம், காப்பிதான். காசுக்கு ஆடக்கூடாது, சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு திடலில் இறங்கக்கூடாது, இரண்டும் அவர்கள் போட்ட சட்டம். கிளப் நம் ஆட்கள் கைக்கு வந்த பிறகும் அதைப் பெருமையாகவே வைத்திருந்தோம்.

போன வருடம் கிளப்பின் ஆண்டு விழா. வயதானவர்கள் ஆட்டத்துக்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன் கிளப் வரலாற்றைப் பேச என்னை நிறுத்தினார்கள். துரைமாருக்கு ஒருநாள் ஆள் குறைந்துபோய், காப்பி பறித்துக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவரை வெறுங்காலோடு இடது பக்கம் நிறுத்தினார்களாம், ஆட்டம் முடியும்வரை அவர் கையைத் தூக்கிக்கொண்டே ஓடினாராம், ஒருவரும் பந்தைத் தரவில்லையாம். இதை நான் ஓடிக் காட்டி வேடிக்கையாகச் சொன்னேன்.

வந்தவர்களில் ஒருவர், "அண்ணே, பந்து என்னா கலருன்னாச்சும் அவருக்குத் தெரியுமாலா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆட்டத்தில் நான் நடுவில் ஆடினேன். சமநிலை, லேசான தூறல், பட்டப்பகல்தான். பந்து என் காலுக்கு வந்ததும் இடது பக்கம் பார்த்தேன், ஒல்லியாக ஒருவர், மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவரை மறிக்க ஒருவருமில்லை. எனக்குப் பயம் வரவில்லை பிள்ளைகளா, வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான் வந்தது. யாரோ குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்து, பந்தை வலது பக்கம் தட்டிவிட்டு, "சப்பாத்து இல்லாம எவன்டா உள்ள வந்தது? வெளிய போடா!" என்று கத்தினேன்.

அவர் கையை இறக்கினார்.

"சரிங்க தொரை," என்றார். குரலில் கோபமே இல்லை, பழகிப்போன மாதிரி. திரும்பி ரப்பர் மரங்களுக்குள் நடந்துபோனார்.

ஆட்டம் முடிந்ததும், எங்கள் இடது பக்க ஆட்டக்காரன் செல்வம் நொண்டிக்கொண்டே வந்தான். "யார ஏசுனீங்கண்ணே? நான் காலு புடிச்சிக்கிட்டு அப்பவே வெளிய வந்துட்டேன்லா. அந்தப் பக்கம் ஆளே இல்ல. மழையிலயே உங்களுக்கு வெயிலு ஏறிடுச்சா?"

நான் பார்த்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வந்தது போனதுகூட என்னை உறுத்தவில்லை. அவரைப் போலவே காப்பிக் காட்டில் வேலை செய்த ஒருவரின் பேரனுக்குப் பேரனாகிய என்னை அவர் 'தொரை' என்றாரே, அதுதான்.

மறுநாள் சாயங்காலம் தனியாகத் திடலுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்று கையைத் தூக்கினேன். வலி எடுத்த பிறகும் இறக்கவில்லை.